அத்தை பீரோவில் தூங்கிய கோர்ட்டு சம்மன்!

பிரான்சு போனவர்களின் தபால் படும் பாடு

புதுவை:

ஆள் வெளிநாடு போய் ஆண்டுக்கணக்கில் ஆகிவிட்டது. ஆனால் தபால் மட்டும் இன்னும் புதுவையில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கே வந்து கொண்டிருக்கிறது. இந்த ஊரில் தெருவுக்கு ஒரு வீடாவது இப்படி இருக்கும்.

"சும்மா ஒரு முகவரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்ட அந்த முகவரி, கடைசியில் வீட்டுக்கே வேட்டு வைத்த கதை இது. ஊரார் கதை அல்ல. இதை எழுதும் நிருபரின் சொந்த அத்தை வீட்டில் நடந்தது.

மஞ்சள் பையில் தபால்கள்

அத்தைக்கு வயது 70-க்கு மேல். முத்தியால்பேட்டையில் குடியிருக்கிறார். நிருபரின் பெரியப்பா மகன் பிரான்சில் வேலை கிடைத்துப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மனைவி, பிள்ளைகளும் அங்கேதான்.

போகும்போது அண்ணன் செய்த ஒரே ஏற்பாடு, "தபால் எல்லாம் அத்தை வீட்டுக்கு வரட்டும்" என்பதுதான். பாங்கி, இன்சூரன்சு, ஆதார், நகராட்சி வரி எல்லாவற்றுக்கும் "மே/பா" போட்டு அத்தை வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டார்.

அத்தையும் பொறுப்பாகத்தான் இருந்தார். வந்த தபால் ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை. எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவார். அண்ணன் ஊருக்கு வரும்போது பையை அப்படியே எடுத்துக் கையில் கொடுப்பார்.

ஒரு நாள் பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் கையெழுத்துக் கேட்டார். அத்தை போட்டார். உள்ளே இருந்த காகிதம் இங்கிலீஷில் இருந்தது. அதுவும் மஞ்சள் பைக்குள் போனது.

வரி கட்டப் போனபோது அதிர்ச்சி!

அடுத்து அண்ணன் புதுவை வந்தது மாசி மகத்துக்கு. வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி பார்த்துவிட்டு, மறுநாள் தன் அம்மா வழித் தாத்தா வீட்டுக்கு வரி கட்டப் போனார். அந்த வீட்டில் இவருக்கும் பங்கு உண்டு.

ஆனால் வரிப் புத்தகத்தில் இவர் பெயரே இல்லை.

விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வீடு முழுவதும் தனக்கே சொந்தம் என்று விளம்புகை கேட்டு, பங்காளி ஒருவர் வழக்குப் போட்டிருக்கிறார். சம்மன் அத்தை வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது. கையெழுத்தோடு ஒப்புகைச் சீட்டும் கோர்ட்டுக்குத் திரும்பியிருக்கிறது. வாய்தா நாளில் கூப்பிட்டபோது ஆள் இல்லை. எக்ஸ்பார்ட்டி! ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பும் ஆகிவிட்டது.

பீரோவைத் திறந்து மஞ்சள் பையைக் கொட்டினார்கள். பாங்கி கடிதங்களுக்கு நடுவில் சம்மன் பத்திரமாக இருந்தது.

"புள்ள பேருக்கு வந்த தபால் ஆச்சே, திருப்பி அனுப்ப மனசு வருமாப்பா? பத்திரமா வெச்சதுதான் தப்பா?" என்று அத்தை அழுதார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

ஏன் இந்த ஊரில் இவ்வளவு?

சொந்தக்காரர் முகவரியில் தபால் வாங்குவது புதுவைக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனுக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர்களின் கடிதங்கள் இங்குள்ள அண்ணன், தம்பி வீடுகளுக்குத்தான் வந்தன.

1954 நவம்பர் 1-ந்தேதி புதுவை நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1956 மே 28-ந்தேதி இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது 1962 ஆகஸ்டு 16-ந்தேதி அமலுக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள், பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்பினால் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னது.

அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் இன்று பாரிஸ் பக்கம் குடியிருக்கிறார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற "சொல்தா" வீடுகள் இன்றும் நகரில் உண்டு. ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. வீடு, நிலம், பாங்கிக் கணக்கு எல்லாம் இங்கே. ஆள் அங்கே. நடுவில் தபாலை வாங்கி வைப்பது ஒரு அத்தையோ, சித்தப்பாவோ.

சட்டம் என்ன சொல்கிறது?

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 5-வது ஆர்டர் 15-வது விதி இதைப் பற்றிப் பேசுகிறது. பிரதிவாதி வீட்டில் இல்லை, சீக்கிரம் வரவும் மாட்டார், அவருக்காக சம்மன் வாங்க அதிகாரம் பெற்ற ஏஜெண்டும் இல்லை என்றால், அவரோடு "குடியிருக்கும்" வயது வந்த குடும்பத்தார் யாரிடமும் சம்மனைக் கொடுக்கலாம். ஆணாக இருந்தாலும் சரி, பெண்ணாக இருந்தாலும் சரி.

"குடியிருக்கும்" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் அண்ணனின் வழக்கே தொங்குகிறது.

"அத்தை முத்தியால்பேட்டையில். என் கட்சிக்காரர் பிரான்சில். இருவரும் கூடக் குடியிருப்பதாக எப்படிச் சொல்ல முடியும்?" என்பது அண்ணனின் வக்கீல் வாதம்.

எதிர்த் தரப்பு சும்மா இருக்குமா? "அப்படியானால் பாங்கியில் அந்த முகவரி ஏன்? ஆதாரில் அந்த முகவரி ஏன்? வரி ரசீதில் ஏன்? ஊருக்கெல்லாம் இதுதான் என் முகவரி என்று சொன்னவர், சம்மன் வந்ததும் இல்லை என்கிறாரே!" என்று மடக்குகிறது.

1897-ம் ஆண்டு பொது விதிகள் சட்டம் 27-வது பிரிவும் இருக்கிறது. சரியான முகவரி எழுதி, தபால் செலவு கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினால் அது போய்ச் சேர்ந்ததாகவே கருதப்படும். "வரவில்லை" என்று நிரூபிப்பது பெறுபவர் தலையில் விழும். செக் திரும்பிய வழக்கு ஒன்றில் (அலவி ஹாஜி வழக்கு) 2007-ல் சுப்ரீம் கோர்ட்டும் இந்தப் பிரிவை வைத்தே நோட்டீசு சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்று கூறியது.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யும்படி கேட்க வழி உண்டு. அதற்குக் கெடு 30 நாள். சம்மன் முறைப்படி சார்வு ஆகவில்லை என்றால், தீர்ப்பு வந்தது தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாளை எண்ண வேண்டும். அண்ணன் விமான டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு மனுப் போட்டார். மனு நடக்கிறது.

"வாங்காதே" என்பதும் ஆபத்து!

இதைக் கேட்டதும் சிலர், "அப்படியானால் தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டால் போச்சு" என்கிறார்கள். அதுவும் தப்பு.

பிரதிவாதியோ, அவருடைய ஏஜெண்டோ சம்மனை வாங்க மறுத்தால், முறைப்படி சார்வு ஆனதாகவே கோர்ட்டு எடுத்துக் கொள்ளலாம். ஆகவே மறுப்பது வேறு, உண்மையைச் சொல்வது வேறு. "அவர் இங்கே குடியில்லை, பிரான்சில் இருக்கிறார், இதுதான் அங்குள்ள முகவரி" என்று தபால்காரரிடமோ, கோர்ட்டு அமீனாவிடமோ சொல்லி எழுத வைப்பதுதான் சரி. வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு அந்த முகவரிக்கே சம்மன் அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு.

தபால் முறையும் மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 1-ந்தேதி முதல் பதிவுத் தபால் தனியாகக் கிடையாது. ஸ்பீடு போஸ்டோடு சேர்த்தாகிவிட்டது. அனுப்புகிறவர் கூடுதலாக 5 ரூபாயும் வரியும் கட்டினால் "பதிவு" வசதி கிடைக்கும். அப்படிப் பதிவு செய்த தபாலைப் பெயருக்குரியவரிடமோ, அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் கொடுக்க வேண்டும். மற்ற ஸ்பீடு போஸ்டை அந்த வீட்டில் இருப்பவரே வாங்கிவிடலாம்.

பாங்கியும் ஓட்டும்

கோர்ட்டு மட்டும் அல்ல. வெளிநாட்டில் குடியேறியவர் சாதாரண சேமிப்புக் கணக்கை வைத்துக் கொள்ளக் கூடாது. என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இது அன்னியச் செலாவணிச் சட்டத்தின் விதி. அத்தை வீட்டு முகவரியே இருந்தால் பாங்கிக்கு ஆள் போனதே தெரியாது. செக் புத்தகமும் ஏ.டி.எம். கார்டும் யார் கையிலாவது போய்ச் சேரும்.

வாக்காளர் பட்டியலும் அப்படித்தான். 2025 நவம்பர் 4-ந்தேதி முதல் புதுவையிலும் தீவிரத் திருத்தம் நடந்தது. அலுவலர்கள் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். வீட்டில் இல்லாதவருக்காகக் குடும்பத்தார் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். வெளியூர் வேலைக்குப் போனவருக்கு அது சரி. பிரான்சில் குடியேறியவரை "இங்கேதான் இருக்கிறார்" என்று எழுதிக் கொடுத்தால்? தெரிந்தே பொய் எழுதிக் கொடுப்பவருக்கு 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. மாட்டுவது பிரான்சில் இருப்பவர் அல்ல, கையெழுத்துப் போட்ட சித்தப்பா!

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் இருந்தாலும் 6-ஏ படிவம் கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள ஊரில் முறைப்படி பெயர் சேர்க்கலாம். ஓட்டுப் போட நேரில் வர வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவருக்கு இங்கே ஓட்டே கிடையாது.

அங்கேயும் இதே கதை

இதற்கு நேர் எதிரான கூத்தும் நடக்கிறது. பிரெஞ்சுப் பென்சன் வாங்கும் பெரியவர் புதுவைக்கே திரும்பி வந்துவிடுவார். தபால் முகவரி பிரான்சில் உள்ள மகன் வீடு. வெளிநாட்டில் இருக்கும் பென்சன்காரர்களிடம் பென்சன் நிர்வாகம் ஆண்டுதோறும் "உயிரோடு இருக்கிறார்" என்ற சான்றிதழ் கேட்கும். திருப்பி அனுப்பாவிட்டால் பென்சன் நிற்கும். மகன் வேலைக்குப் போகிற அவசரத்தில் கடிதத்தை எங்கேயாவது போட்டுவிட்டால் போச்சு!

இன்னொன்று, வயதான ஏழைகளுக்கு பிரெஞ்சு அரசு தரும் உதவித் தொகை. ஆண்டில் 9 மாதத்துக்கு மேல் பிரான்சில் இருந்தால்தான் அது கிடைக்கும். 2023 செப்டம்பர் முதல் இந்த விதி. மகன் முகவரியைக் காட்டிவிட்டுப் புதுவையில் குடியிருந்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

என்ன செய்யலாம்?

வெளிநாடு போகிறவர்கள் பாங்கி, இன்சூரன்சு, வரி அலுவலகம் எல்லாவற்றிலும் அந்த நாட்டு முகவரியை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இங்கே வரும் தபாலை வாங்க ஆள் வேண்டும் என்றால் நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்து, தபால் ஆபீசிலும் தெரிவிக்கலாம். சொத்துக் காரியங்களுக்குப் பவர் பத்திரம் எழுதினால், எந்தக் காரியத்துக்கு என்று குறிப்பாக எழுதுவது நல்லது. இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்து 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும்.

முக்கியமாக, தபாலை வாங்கும் பெரியவருக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பத்திரமாக வைப்பது போதாது. அன்றைக்கே சொல்ல வேண்டும்.

அத்தை வீட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. தபால்காரர் மணி அடித்தால் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணைக் கூப்பிடுகிறார். உறையைப் படம் எடுத்து அண்ணனுக்கு வாட்ஸ்-அப்பில் அனுப்பச் சொல்கிறார். பதில் வந்த பிறகுதான் பேனாவைத் தொடுகிறார்.

அண்ணனும் பாங்கி, இன்சூரன்சு முகவரிகளை மாற்றிவிட்டார். மஞ்சள் பை காலியாக இருக்கிறது. அந்த ஒரு சம்மன் மட்டும் வக்கீல் கட்டில் சேர்ந்து, வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போய் வருகிறது. போன வாய்தாவுக்கு அத்தையும் போயிருந்தார். சாட்சிக் கூண்டில் ஏறி, "கையெழுத்து என்னுதுதான். ஆனா தம்பி புள்ள எங்கூட இல்லீங்க. அவன் போயி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.