தறிக்குப் புரியும் படம்

1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் ஹெமிஸ்ஃபேர் என்ற உலகக் கண்காட்சி நடந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் அரங்கில் ஒரு கணினித் திரையும் ஒரு தறியும் இருந்தன. பார்வையாளர்கள் ஒளிப்பேனாவால் திரையில் வரைந்த வடிவங்கள் தறியில் துணியாகி வந்தன.

இந்த வித்தையின் பின்னால் இருந்தவர் ஐ.பி.எம்.மில் பணியாற்றிய ஜானிஸ் லூரி. துணி வடிவமைப்புக்காக அவர் உருவாக்கிய வரைகலை முறைக்கு 1970இல் காப்புரிமை கிடைத்தது. ஐ.பி.எம். பெற்ற முதல் மென்பொருள் காப்புரிமை அதுதான் என்பார்கள்.

படம் வரைய எத்தனையோ மென்பொருள்கள் இருக்க, நெசவுக்கென்று தனியாக எதற்கு? தறிக்குப் படம் தெரியாது. ஊடை இழை குறுக்கே ஓடும் ஒவ்வொரு முறையும் நீளவாக்கில் உள்ள எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்பது மட்டுமே அதற்குத் தேவை. இதைக் கட்டம் கட்டமாகக் குறித்துக்கொடுப்பதுதான் கிராஃப். ஜக்கார்டு தறியில் கிராஃபின் ஒவ்வொரு வரிசையும் துளையிட்ட ஓர் அட்டையாகும். 1839இல் லியோனில் பட்டில் நெய்யப்பட்ட, அந்தத் தறியை உருவாக்கிய ஜக்கார்டின் உருவப்படத்துக்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அந்தக் கட்டங்களைக் கையால் நிரப்பும் வேலையைத்தான் லூரி கணினியிடம் ஒப்படைத்தார்.

இதில் மறைந்திருக்கும் சிக்கல்கள் பல. ரோஜா இதழ் ஒன்று 60 பாவு இழை அகலம் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு ஊடையை அந்த 60 இழைகளின் மேலேயே ஓடவிட்டால் இதழ் பளிச்சென்று தெரியும். ஆனால் வளையல் பட்டாலே நூல் மாட்டி இழுபடும். எனவே ஊடையை இடையிடையே பாவுக்குக் கீழே செருகிப் பிடிக்க வேண்டும். இப்படிப் பிடிக்கும் ஒழுங்கைத்தான் கட்டு என்கிறோம். எட்டிழை சாட்டின் கட்டில் ஊடை ஏழு இழைகளைத் தாண்டியதும் எட்டாவதன் கீழே போய்விடும். ஒவ்வொரு நிறப் பகுதிக்கும் பொருத்தமான கட்டை நிரப்புவதும், நீளமாகத் தொங்கும் இழைகளைத் தேடிக் காட்டுவதும் நெசவு மென்பொருளின் தலையாய வேலைகள்.

அடுத்தது அளவு. அங்குலத்துக்குப் பாவு 100 இழை, ஊடை 50 இழை உள்ள துணிக்குச் சதுரக் கட்டத்தில் வட்டம் வரைந்தால், நெய்து முடித்ததும் அது முட்டையாக நீண்டிருக்கும். மென்பொருள் இந்த விகிதத்தைக் கேட்டறிந்து, கட்டத்தையே அதற்கேற்ப மாற்றித் தர வேண்டும்.

தறியின் வரம்பும் உண்டு. ஜக்கார்டு பெட்டியில் 240 கொக்கிகள் இருந்தால், தனித்தனியாக இயக்கக்கூடிய இழைத் தொகுதிகளும் 240தான். யானையோ அன்னமோ, காஞ்சிபுரத்துக் கரையில் வரும் எதுவும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டும். இந்தியக் கைத்தறிகளை மனத்தில் வைத்து மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய ‘டிஜிபுனாய்’ ஒரு திறந்த மூல மென்பொருள். ஜக்கார்டு, டாபி என்ற இரண்டு வகைத் தறிகளுக்கும் வடிவமைக்க உதவுகிறது.

வணிக மென்பொருள்கள் பெரும்பாலும் ஆலைகளை நோக்கியே வளர்ந்தன. தனிக் கலைஞர்களின் தேவை வேறு. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் லாரா டெவன்டார்ஃப் தலைமையிலான ஆய்வகம் உருவாக்கிய ‘அடாகேட்’ இதற்கு நல்ல உதாரணம். இதில் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டியதில்லை. ‘இந்தக் கட்டைத் திருப்பு’, ‘இரண்டையும் அடுக்கு’ என்பது போன்ற செயல்களைச் சங்கிலியாகக் கோத்தால் கிராஃப் தானே உருவாகும். சங்கிலியின் தொடக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினால் துணி முழுவதும் மாறிவிடும். இரண்டு மூன்று அடுக்குகள் கொண்ட துணியையும், மின்கடத்தும் நூலை உள்ளே ஓடவிட்ட துணியையும் நெய்பவர்களுக்கு இது பெரிய வசதி.

நிறம் மட்டும் இன்னும் தொல்லை தருகிறது. நீலப் பாவும் பச்சை ஊடையும் சேரும் மயில்கழுத்துப் பட்டு, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும். தட்டையான திரையிலோ அது ஒரே நிறமாக நிற்கிறது. கணினியில் எல்லாம் முடிந்த பிறகும், முழுச் சேலைக்குப் பாவு ஏற்றுமுன் ஒரு சாண் துணியை மாதிரிக்கு நெய்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் தேவை அதனால் தீரவில்லை.