ஹெட்போனுக்குத் தனி ஆம்ப்: அன்றும் இன்றும்

சென்ஹைசர் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த எச்டி 600 ஹெட்போன் இன்றும் விற்பனையில் இருக்கிறது. வெளிப்பூச்சு மாறியது. 300 ஓம் இம்பீடன்ஸும் திறந்த பின்புறமும் கழற்றி மாற்றத்தக்க பாகங்களும் அப்படியே இருக்கின்றன. இத்தனை ஆண்டுகள் மாறாமல் நிற்கும் ஒரு ஹெட்போனை நடுவில் வைத்துப் பார்த்தால், அதை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு மாறிவிட்டது என்பது தெளிவாகத் தெரியும். வீட்டில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்க ஹெட்போன் ஆம்ப் வாங்கலாமா, இருப்பதை மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்கு இந்த வரலாறு பெரிய உதவி.

துளை மட்டும் இருந்த காலம்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் காஸ் 1958-ல் எஸ்பி/3 என்ற ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். அதுவரை ஹெட்போன் பெரும்பாலும் தொலைபேசி இணைப்பகத்திலும் கப்பலிலும் விமானத்திலும் வேலை செய்பவர்களின் கருவி. இசை கேட்பதற்கென்று அது வீட்டுக்குள் வந்த பிறகு, ஆம்ப்ளிஃபயர்களின் முகப்பில் ஹெட்போனுக்கு ஒரு துளை வைப்பது வழக்கமானது.

அந்தத் துளைக்குப் பின்னால் பெரும்பாலும் தனி ஆம்ப் எதுவும் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலையே சில நூறு ஓம் மின்தடை வழியாகத் திருப்பி விடுவார்கள். செலவு குறைவு, வேலையும் நடந்தது. அந்தக் கால ஹெட்போன்களும் அதற்கு இசைந்தவைதான். 1968-ல் வந்த சென்ஹைசர் எச்டி 414-ன் இம்பீடன்ஸ் 2000 ஓம். அதற்கு வோல்டேஜ் வேண்டும், மின்னோட்டம் மிகக் கொஞ்சம் போதும். ஸ்பீக்கர் ஆம்பில் வோல்டேஜுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் அந்த மின்தடை சும்மா இருக்கவில்லை, ஒலியின் குணத்தையே மாற்றியது. எச்டி 600-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் இம்பீடன்ஸ் எல்லாச் சுருதியிலும் 300 ஓமாக இருப்பதில்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த ஒலிகளில் 500 ஓம் வரை ஏறும். இடையில் 330 ஓம் மின்தடை இருந்தால், அந்தத் தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட 2 டெசிபல் அளவுக்கு மேலெழும். மிருதங்கத்தின் தொப்பி கனத்துக் கேட்கும், பாடுபவர் சற்றே பின்னால் போவார். அதே ஹெட்போனை வேறொரு ஆம்பில் செருகினால் பாட்டின் நிறமே வேறாகத் தோன்றும்.

'ஒவ்வொரு ஆம்புக்கும் ஒரு குரல் உண்டு' என்று அன்றைய ரசிகர்கள் சொன்னதில் பொய் இல்லை. காதில் கேட்டதைத்தான் சொன்னார்கள்.

பென்டார்ச் செல் செய்த மாற்றம்

1979-ல் சோனியின் முதல் வாக்மேன் வந்தது. இரண்டு பென்டார்ச் செல், மொத்தம் 3 வோல்ட். இவ்வளவு சின்ன வோல்டேஜில் 2000 ஓம் ஹெட்போன் போதிய சத்தத்தில் பாடாது. அதனால் கையடக்கக் கருவிகளுக்கான ஹெட்போன்களின் இம்பீடன்ஸ் இறங்கி, 32 ஓம் போன்ற அளவுகள் சாதாரணமாயின. ஒரு மில்லிவாட் சக்தி பெற 300 ஓம் ஹெட்போனுக்கு 0.55 வோல்ட்டும் 1.8 மில்லிஆம்பியரும் தேவை. 32 ஓம் ஹெட்போனுக்கு 0.18 வோல்ட் போதும். ஆனால் மின்னோட்டம் 5.6 மில்லிஆம்பியர் வேண்டும். ஒன்று வோல்டேஜ் கேட்டது, மற்றது மின்னோட்டம் கேட்டது. ஒரே துளையால் இரண்டையும் திருப்திப்படுத்த முடியவில்லை.

தனி ஹெட்போன் ஆம்புக்கு இடம் பிறந்தது இங்கேதான். 1990களில் அமெரிக்காவில் ஹெட்ரூம் போன்ற சிறு நிறுவனங்கள் அதையே தொழிலாக எடுத்துக்கொண்டன. வாங்க வசதியில்லாதவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். சூ மாய் என்பவர் வடிவமைத்த 'சிமாய்' ஆம்ப் ஒரு மிட்டாய்த் தகர டப்பாவுக்குள் அடங்கிவிடும். ஒரு ஆப்-ஆம்ப் ஐசி, 9 வோல்ட் பேட்டரி, வால்யூம் கன்ட்ரோல், சில மின்தடைகள், கெப்பாசிட்டர்கள் இருந்தால் போதும். சென்னை ரிச்சி தெரு மாதிரியான எந்தக் கடைத்தெருவிலும் கேட்டு வாங்கக்கூடிய சாமான்கள். சால்டரிங் தெரிந்தவர் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

2011-ல், தன் பெயரை வெளியிடாத ஒருவர் 'ஓ2' என்ற ஆம்பை வடிவமைத்து, சர்க்யூட்டையும் அளவீடுகளையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார். அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது ஹெட்போனுக்கு முன்னால் ஆம்ப் வைக்கும் தடை, ஒரு ஓமுக்கும் குறைவு. சாதாரண விலை ஐசிகளைக் கொண்டே, காதுக்கு எட்டாத அளவுக்கு இரைச்சலையும் திரிபையும் குறைக்க முடியும் என்று அவர் எண்களால் நிறுவினார். அடுத்த ஆண்டு ஷீட் நிறுவனத்தின் மாக்னி 99 டாலருக்கு வந்தது. நல்ல ஆம்ப் என்றால் பெரும் விலை என்ற கணக்கு அத்தோடு உடைந்தது.

இன்று எதைப் பார்த்து வாங்குவது?

இன்று பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையிலேயே மின்னோட்டமும் வோல்டேஜும் தாராளமாகத் தரும், தன் நிறத்தைச் சேர்க்காத மேசை ஆம்ப் கிடைக்கிறது. ஆம்புக்கு ஆம்ப் குரல் மாறியதற்குப் பெரிய காரணமான அந்த மின்தடை இவற்றில் இல்லை. ஆனாலும் அந்தக் கால நம்பிக்கை மட்டும் நின்று, ஒன்றை விற்று மேலே ஒன்று என்று பலரையும் செலவழிக்க வைக்கிறது. இசைமேல் ஆசை கொண்டவர்களின் பணம் இப்படிப் போவது எனக்கு உண்மையான வருத்தம். வாங்குமுன் மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, சக்தி. சத்தம் 10 டெசிபல் கூட வேண்டுமானால் சக்தி பத்து மடங்கு வேண்டும். 1 வோல்ட் தரும் சின்ன யுஎஸ்பி டாங்கிள் எச்டி 600-க்கு 3.3 மில்லிவாட் கொடுக்கும். மிதமான சத்தத்தில் கேட்பவருக்கு அதுவே போதும். 5 வோல்ட் தரும் மேசை ஆம்ப் கூடுதலாக 14 டெசிபல் இடம் தரும். மெல்லத் தொடங்கித் திடீரென உயரும் ஆர்க்கெஸ்ட்ரா இசைக்கு அந்த இடம் பயன்படும். ஹைஃபைமேன் எச்இ-6 போன்றவை தனி ரகம். 50 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான், 113.5 டெசிபல் உச்சத்தைத் தொட ஒரு முழு வாட் வேண்டும். அதற்கு டாங்கிள் ஆகாது.

இரண்டாவது, வெளியீட்டு இம்பீடன்ஸ். ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். வால்வு ஆம்ப்களில் பல இதைத் தாண்டும். அந்தக் கனத்த ஒலியை விரும்பி வாங்குவதில் தவறில்லை. என்ன கிடைக்கிறது என்று தெரிந்து வாங்கினால் சரி.

மூன்றாவது, குறைந்த சத்தத்தில் அதன் நடத்தை. பழைய பாணி வால்யூம் கன்ட்ரோலை ஆரம்பத்தில் வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பாடகர் குரல் ஒரு காதுப் பக்கம் ஒதுங்கி நின்று, இன்னும் கொஞ்சம் திருப்பிய பிறகுதான் நடுவுக்கு வரும். உள்ளே இடதுக்கும் வலதுக்கும் உள்ள இரண்டு கரிப் பட்டைகள் தொடக்கத்தில் ஒத்துப்போகாததே காரணம். நள்ளிரவில் மெல்லக் கேட்பவருக்கு இது பெரிய தொந்தரவு. 'லோ கெயின்' சுவிட்ச் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்; ரிலேயாலோ சிப்பாலோ சத்தத்தைக் கட்டுப்படுத்தும் புதிய ஆம்ப்களில் இது அநேகமாக இல்லை.

அப்புறம், 4.4 மி.மீ. பேலன்ஸ்டு ஜாக். பொதுவாக அது வோல்டேஜை இரட்டிப்பாக்கும், 6 டெசிபல் கூடும். ஏற்கெனவே சத்தம் போதுமென்றால் அதனால் பெரிய லாபமில்லை.

இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது சத்தத்தை முதலில் சமமாக்க வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பதை 'மேலானது' என்று காது எடுத்துக்கொள்ளும். ஒரே சீரான டோனை ஒலிக்கவிட்டு, ஹெட்போனைச் செருகியபடியே மல்டிமீட்டரால் வோல்டேஜை அளந்து, ஒரு சதவீதத்துக்குள் ஒத்துவரச் செய்யுங்கள். அதன் பிறகு எது எதுவென்று தெரியாமல் கேட்டும் வித்தியாசம் புலப்பட்டால், தாராளமாக மாற்றலாம்.

முழு வால்யூமிலும் சத்தம் போதவில்லை, உச்சத்தில் ஒலி உடைகிறது, பாட்டில்லாத இடத்தில் இரைச்சல் கேட்கிறது, ஒரு காது மட்டும் ஓங்குகிறது: இவற்றில் ஒன்றாவது இருந்தால் ஆம்பை மாற்றக் காரணம் உண்டு. எதுவும் இல்லையென்றால் அந்தப் பணம் தேய்ந்துபோன காதுமெத்தைக்குப் போகட்டும், இன்னும் நல்ல ஹெட்போனுக்குப் போகட்டும். இரண்டும் தரும் மாற்றம் காதில் விழும்.

சக்தி மலிந்த காலத்தில் எச்சரிக்கையும் தேவை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 86 டெசிபலில் பத்தே மணி நேரம். எந்த ஆம்பையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கெட்ட செவியை மாற்ற முடியாது. எனவே எவ்வளவு சக்தி நிறைந்த ஆம்ப் ஆனாலும், வால்யூமைக் குறைத்தே வையுங்கள்.