கரும்பலகையே பத்திரிகை! உடைத்தும் ஓயவில்லை

ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியா. அங்கே ஜனநடமாட்டம் மிகுந்த டப்மன் சாலை ஓரம் 2000-ம் ஆண்டு ஒரு கரும்பலகை முளைத்தது. பெயர் "டெய்லி டாக்". ஆசிரியர், நிருபர் எல்லாமே ஆல்பிரட் சிர்லீப் ஒருவர்தான்! ஊர் நடப்பைச் சாக்பீசால் எழுதிப் போடுவார். படிக்கக் காசு கிடையாது.

கைது

அதிபர் சார்லஸ் டெய்லர் ஆட்சிக்கு இது பொறுக்கவில்லை. ஆல்பிரட்டைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பலகையை உடைத்தார்கள். 2003-ல் டெய்லர் பதவி போனது; பிறகு பலகை மீண்டும் எழுந்தது!

நீல ஹெல்மெட்

படிக்கத் தெரியாதவர்களுக்கும் வழி இருந்தது. ஐ.நா. படை பற்றிய செய்தியா? பலகையில் நீல ஹெல்மெட் தொங்கியது. 2006-ல் பதவியேற்ற "இரும்புப் பெண்மணி" அதிபர் பற்றியா? கார் வீல் கப் தொங்கியது!

வேலைக்கு ஓடுகிறவர்களும் நின்று படித்தார்கள். ஏன்? வளவளப்பு இல்லை. ஜனங்களுக்கு வேண்டிய சேதி, நாலே வரியில்!