ஒரு கம்பியில் முப்பது பேர்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கு பற்றியும் எழுதியிருக்கும். சோனகதெருவில் எங்கட உம்மாவின் கிணறும் மூன்று வீட்டுக்குப் பங்கு. கிணற்றைப் பிரிக்க ஏலாது, நேரத்தைப் பிரிக்கலாம். காலையில் ஒருவர் முறை, பின்னேரம் மற்றவர் முறை. தொலைபேசியில் நேரப் பகுப்புப் பல்சேர்ப்பு என்பதும் இதுதான். பிரான்சின் போடோ 1874இலேயே தந்திக்கு இவ்வழியைக் கண்டிருந்தார்.

“சேர், பேச்சு இடைவிடாமல் வருதே, அதை எப்படி முறை வைத்து அனுப்புறது?” என்று பிள்ளையொன்று கேட்டது. நான் தமிழ் படிப்பிக்கிறவன். விஞ்ஞான ஆசிரியரிடம் போய்த்தான் விளங்கிக்கொண்டேன்.

குரலை முழுதாக அனுப்பத் தேவையில்லை. செக்கனுக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக அனுப்பினால் போதும். மறுமுனையில் குரல் திரும்பக் கிடைக்கும். இரண்டு அளவுகளுக்கிடையே 125 மைக்ரோசெக்கன் இருக்கிறது. அந்த இடைவெளியில் மற்றவர்களின் அளவுகள் ஏறுகின்றன. ஈ1 என்ற முறையில் அந்நேரம் 32 பங்காகிறது. 30 பங்கு பேச்சுக்கு. ஒன்று மணியடித்தல், வைத்தல் போன்ற தகவலுக்கு. மற்றது இரு முனையும் ஒரே தாளத்தில் நிற்க. தாளம் பிசகினால் உங்கட குரல் வேறொருவர் காதில் விழும். மொத்தம் செக்கனுக்கு 20,48,000 பிட். ஜீ.எஸ்.எம். கைப்பேசியிலும் ஓர் அலைவரிசையை 8 பேர் முறை வைத்தே பாவிக்கிறார்கள்.

இதில் ஒரு விரயம் உண்டு. பேசாமல் இருந்தாலும் உங்கள் முறை உங்களுக்கே, வெறுமையாகவே போய்வரும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு நாங்கள் புத்தளத்தில் இருந்த காலம், உம்மா கொமியூனிகேஷன் கடையில் ரிசீவரைப் பிடித்தபடி அழுவா, பேசமாட்டா. கொழும்பிலிருந்த வாப்பாவும் பேசமாட்டார். கடைக்காரரின் மீற்றர் மட்டும் ஓடும்.

காணியில் இந்த நியாயம் இல்லை. பத்து வருடம் இன்னொருவர் எதிராக ஆண்டால் உரிமை கைமாறலாம். போரால் தம் காணிக்குப் போக முடியாதவர்களுக்கென்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. எங்கட கிணற்றடிக்கு நாங்கள் போனபோது பங்குக்காரர் இருவரும் இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது.

இப்போதைய இணைய அழைப்புகளில் பொதுவாக நிரந்தர முறை கிடையாது. அனுப்ப ஏதும் இருப்பவருக்கே இடம். கம்பி வீணாகாது, ஆனால் கூட்டம் கூடினால் குரல் வெட்டி வெட்டிக் கேட்கும்.