படியேற இயலாத சபையார்

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்த கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இறைவழிபாடு மட்டுமன்று. வாரம் ஒருமுறை தாய்மொழி செவி நிறைய விழும் இடமும் அதுவே. ஊர்ச் செய்தி, சம்பந்தப் பேச்சு, பிள்ளைகளின் படிப்பு யாவும் ஆலய முற்றத்தில்தான் பேசப்படுகின்றன. ஆகவே அங்கு வர இயலாதவர் இழப்பது ஒரு பிரசங்கத்தை மாத்திரம் அன்று. தமிழையும் உறவையும் ஒருங்கே இழக்கிறார்.

2011-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம் பேர். நூற்றுக்கு இருவருக்குச் சற்று மேல். அச்சராசரிப்படி 300 பேர் கொண்ட சபையில் 6 அல்லது 7 பேர் இருத்தல் வேண்டும். அன்பர்கள் வரும் ஞாயிறன்று வரிசைகளை எண்ணிப் பார்க்கட்டும். காணாதவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

திருச்சபைக்கு இத்தொண்டு புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கும் செவித்திறனற்றோர்க்கும் பள்ளிகள் கண்டவர்கள் மிஷன் தொண்டர்களே. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து காயமுற்றபின், 1951-இல் மறையும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தவாறு நூல்கள் பல எழுதினார். பள்ளி கட்டத் தெரிந்த நமக்கு வாசலைச் சரிசெய்யத் தோன்றாதது விந்தையே!

வாசலில் படிகள் மூன்று. ஒவ்வொன்றும் 6 அங்குலம் என்று கொள்வோம். மொத்த உயரம் ஒன்றரை அடி. சக்கர நாற்காலி செல்லும் சாய்தளத்திற்கு ஓர் அடி உயரத்துக்குப் 12 அடி நீளம் என்பது பொது விதி. ஆகவே 18 அடி வேண்டும். நேராக இடமில்லையேல் நடுவே சமதளம் விட்டுத் திருப்பிக்கொள்ளலாம். ஆறடிப் பலகையைச் சாய்த்து வைத்துக் கடமை முடிந்ததென எண்ணுவது அபாயம். சரக்கு வண்டிகள் சரிவில் இறங்குவதை நாள்தோறும் காணும் இரயில்வே ஊழியன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏறுவதினும் இறங்குவதே கொடிது.

“நால்வர் தூக்கிவிட்டால் போயிற்று” என்பார் உண்டு. வாரந்தோறும் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்தவர் மூன்றாம் வாரம் வருவதை நிறுத்திக்கொள்வார். மாற்கு சுவிசேஷத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வர், வழியில்லையென்று கண்டதும் கூரையைப் பிரித்தார்கள். கட்டடத்தை மாற்றினார்களேயன்றி அவனைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

உள்ளே வந்தவரைக் கடைசி வரிசைக்குப் பின்னே தனித்து நிறுத்துவதும் தகாது. ஒரு பெஞ்சை மூன்றடி குறுக்கினால் அவர் தம் குடும்பத்தாரோடு அமரலாம். திருவிருந்துக்கு முன்வந்து முழங்காற்படியிட இயலாதவரிடம் ஆயர் இறங்கிவந்து கொடுப்பது எந்த முறைமைக்கும் விரோதமன்று.

நம்மைப்போல் வெளியூர் வாழ்வோர்க்கு மற்றொரு சிக்கல் உண்டு. இங்குள்ள பள்ளியில் பயிலும் செவித்திறனற்ற தமிழ்ப் பிள்ளை சைகை மொழியும் இந்தியோ ஆங்கிலமோ கற்கிறது. தமிழ்ப் பிரசங்கம் அதற்கு இருமடங்கு தூரம். பிரசங்கச் சுருக்கத்தை அப்பிள்ளை படிக்கும் மொழியில் முன்னதாக எழுதிக் கொடுக்கலாம். சபை இளைஞர் இருவர் சைகை மொழி கற்கலாம். 2015-இல் புதுதில்லியில் நிறுவப்பெற்ற இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் இதற்கான அகராதியையே வெளியிட்டுள்ளது. பார்வையற்ற பிள்ளையின் நிலை எளிது. பாரதி பிரெயிலில் இந்திய மொழிகளின் ஒத்த ஒலிகளுக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளிகள். இந்தியில் படித்த விரல்கள் சிறிது பயிற்சியில் தமிழும் படிக்கும். வேதபாடம் வாசிக்கும் முறைப் பட்டியலில் அப்பிள்ளையின் பெயரையும் சேர்க்கத் தடையென்ன?

படியினும் கடினமானது பார்வை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளை ஆராதனை நடுவே குரலெழுப்பினால் பத்துத் தலைகள் திரும்புகின்றன. மறுவாரம் தாயும் வருவதில்லை. கேளாமலே தலைமேல் கைவைத்துச் சுகத்துக்காக ஜெபிப்பதும், “எந்தப் பாவமோ” என்று முணுமுணுப்பதும் வேறு. பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, அவனுமல்ல, அவன் பெற்றோருமல்ல என்றே இயேசு விடையளித்ததாக யோவான் எழுதியிருக்கிறார். கதவருகே ஒரு பெஞ்சும், வேண்டும்போது வெளியே உலாவி வரும் உரிமையும் அத்தாய்க்குப் போதும்.

ஆலயக் குழு அடுத்த ஆண்டின் செலவுத் திட்டத்தை ஆராயும் கூட்டத்திற்கு இவர்களுள் ஒருவரை உறுப்பினராகவே அழைக்க வேண்டும். அக்கூட்டம் வழக்கமாக மாடியறையில் நடைபெறுவதாயின், அவ்வாண்டு கீழ்த்தளத்தில் நடக்கட்டும்.