ஓவியத்தைச் சொல்லிக் காட்டுதல்

ஓர் ஓவியத்தை விவரிப்பது என்றால், அதைப் பார்த்திராத ஒருவரும் இரண்டு படங்களில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும்படி சொல்வது. ‘அழகு’, ‘தத்ரூபம்’, ‘உயிரோட்டம்’ ஆகியவை இந்தச் சோதனையில் உடனே தோற்றுவிடும். எல்லாப் படத்துக்கும் பொருந்தும் சொல் எதையும் அடையாளம் காட்டாது.

பெங்களூரில் இதைப் பழக ஏற்ற இடம், 1960இல் தொடங்கப்பட்ட கர்நாடக சித்ரகலா பரிஷத். அதன் சேகரிப்பில் மைசூர் மரபு ஓவியங்கள் உண்டு. தமிழருக்குத் தஞ்சாவூர்ப் படம் பூஜை அறையிலேயே பழக்கமானது. இரண்டிலும் தெய்வ உருவம், தங்கத்தாள், புடைப்பு வேலை எல்லாம் இருப்பதால், “தங்க வேலைப்பாடுள்ள ராமர் பட்டாபிஷேகம்” என்பது இரண்டையும் பிரித்துக் காட்டாது.

பரப்பின் தன்மையைச் சொன்னால் வேறுபாடு தெரியத் தொடங்கும். தஞ்சாவூர்ப் படத்தில் பலகைமீது துணி ஒட்டி, அதன்மேல் பசையும் சுண்ணப்பொடியும் கலந்த குழைவைத் தடிமனாக ஏற்றி, கண்ணாடிக் கற்களைப் பதிக்கிறார்கள். மைசூர்ப் படத்தில் புடைப்பு மிக மெல்லியது. பக்கவாட்டில் ஒளி விழுந்தால்தான் நகைகளின் மேடு தெரியும். அடுத்தது கோடு: மைசூர்க் கோடு மெலிந்து நுணுகி ஓடும். தஞ்சாவூர் உருவங்கள் கொழுகொழுவென்றிருக்கும். நிறமும் மைசூரில் பெரும்பாலும் அடங்கியது. அமைப்பைப் பொறுத்தவரை, தஞ்சாவூர்ப் படத்தின் நாயகர் பெரும்பாலும் நடுவில், மண்டபத்துக்குள், நேரே பார்த்தபடி பெரிதாக இருப்பார்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது ‘நீலம்’ என்று நிறுத்துவது போதாது. எவ்வளவு வெளிர் அல்லது அடர்வு என்பது தொனி. எவ்வளவு கலப்பில்லாதது என்பது செறிவு. மலைக்காட்சிகளில் இது நன்றாக விளங்கும். அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற கே. வெங்கடப்பா ஊட்டி, கொடைக்கானல் மலைகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். பெங்களூரின் கஸ்தூர்பா சாலைக் கலைக்கூடம் அவர் பெயரைத் தாங்கியது. நீர்வண்ணத்தில் தண்ணீர் கூடக் கூடத் தாளின் வெண்மை தெரியும், தொனி வெளிறும், மூடுபனி தானாக வந்துவிடும். நிக்கோலஸ் ரோரிக்கின் இமயமலைப் படங்கள் வேறு வகை. அவர் பயன்படுத்திய டெம்பரா வண்ணம் மினுமினுக்காது. அதில் சிகரங்கள் தட்டையான நிறப்பட்டைகளாக, தெளிந்த விளிம்புகளோடு நிற்கும். அவருடைய மகனும் ஓவியருமான ஸ்வெதோஸ்லாவ் பெங்களூருக்கு அருகே தாதகுனியில் வாழ்ந்ததால், ரோரிக் படங்கள் பரிஷத்துக்கும் வந்து சேர்ந்தன.

பொருள் விளக்கம் இவற்றுக்குப் பிறகுதான் வர வேண்டும். “மனிதனின் தனிமை” என்று தொடங்கும் விவரணை, படத்தைப் பார்க்காமலே எழுதியதுபோல ஒலிக்கும். அரூப ஓவியத்தில் இந்தக் குறுக்குவழி இன்னும் ஆபத்தானது. அங்கே உருவமே இல்லாததால் கோடு, நிறம், பரப்பு, கண் முதலில் நிற்கும் இடம், அங்கிருந்து அது நகரும் திசை ஆகியவையே செய்தி. பெங்களூரின் மாணிக்யவேலு மாளிகையில் 2009 முதல் இயங்கும் தேசிய நவீனக் கலைக்கூடம் அதற்கான பயிற்சிக்களம்.

அளவையும் குறிப்பிட வேண்டும். கைபேசித் திரையில் எல்லாப் படங்களும் ஒரே அளவாகிவிடுகின்றன. சுவர் நிறைந்த படத்தில் தூரிகையின் தடம் அருகில் போனால்தான் தெரியும், முழு அமைப்பு தள்ளி நின்றால்தான் பிடிபடும். சிற்றோவியமோ அருகில் வரச் சொல்லும். ஊடகம், அளவு, ஆண்டு மூன்றும் படத்தின் பக்கத்திலுள்ள அட்டையிலேயே இருக்கும்.