முட்டைமேல் விழுந்த பழி

நாமக்கல் பக்கம் பதினைந்து வயதுப் பிள்ளையின் நெற்றியில் நாலு பரு வந்தால் போதும், "சூடு, முட்டையைக் குறை" என்று தீர்ப்பு வந்துவிடும். ஊருக்கெல்லாம் முட்டை அனுப்பும் மண்ணிலேயே அதற்கு இப்படியொரு கெட்ட பெயர்.

நடப்பது வேறு. முகத்தில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடக்கூட (பெண்களுக்கும் அது உண்டு) சுரப்பி வேகம் பிடிக்கும். உதிர வேண்டிய தோல் செல்கள் எண்ணெயோடு குழைந்து மயிர்க்காலின் வாயை அடைத்துக்கொள்ளும். வழக்கமாக அங்கே குடியிருக்கும் பாக்டீரியா உள்ளே பெருக, உடல் அதோடு மல்லுக்கு நிற்க, சிவந்து வீங்கிச் சீழ் கட்டும். கரும்புள்ளியின் கருப்பும் அழுக்கல்ல, காற்றுபட்டுக் கறுத்த மெலனின் நிறமி. தேய்த்தால் புண்தான் மிச்சம்.

சாப்பாட்டுக்குப் பங்கு இல்லாமலில்லை. 2007-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 15 முதல் 25 வயதுக்குட்பட்ட 43 ஆண்கள் 12 வாரம் பங்கெடுத்தார்கள். ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. விசாரிப்பதென்றால் முட்டையை விட்டுவிட்டுச் சேலத்து ஜவ்வரிசிப் பாயசத்தை விசாரிக்கலாம்! நெற்றியில் வழிய வழியத் தலைக்கு வைக்கும் எண்ணெயையும்தான்.

என் அக்கா மகள் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனபோது வலது கன்னம் தெரியாதபடி தலையைச் சாய்த்துக்கொண்டே இருந்தாள். போட்டோக்காரர் மூன்று முறை நேராக்கினார். கல்யாண வீடுகளுக்கு வர மறுத்தாள். "என்னம்மா முகமெல்லாம் இப்படி?" என்ற அக்கறைதான் அவளுக்குப் பருவைவிட வலித்தது.

ஒருநாள் மெடிக்கலில் யாரோ சொன்ன கிரீமை வாங்கிப் பூசினாள். ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் முகமெல்லாம் சிவந்து, முன்னைவிட அதிகமாகக் கிளம்பியது. அது ஸ்டீராய்டு கலந்தது. இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று மத்திய அரசு 2018-இல் விதி போட்டது. கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பது வேறு கதை.

பிறகுதான் தோல் டாக்டர். ராத்திரி பட்டாணியளவு அடாபலின் ஜெல், காலையில் பென்சாயில் பெராக்சைடு. முதல் சில வாரம் தோல் எரிந்து உரிந்தது. தூக்கிப் போடப் பார்த்தாள். மூன்றாம் மாதம்தான் கன்னம் அடங்கியது. தழும்பு இரண்டு இருக்கிறது. காலையில் அவித்த முட்டையும் இரண்டு, பாட்டி முறைக்க முறைக்க.